திறக்காமல் பார்ப்பது: சந்தேகக் கோப்புகளுக்கு ஒரு சோதனைக் கணினி

"தெரியாதவரிடமிருந்து வரும் இணைப்பைத் திறக்காதீர்கள்" என்று எல்லாப் பாதுகாப்புக் குறிப்புகளும் சொல்கின்றன. வேலைக்கு விண்ணப்பம் வாங்குகிறவருக்கும் பில் சரிபார்க்கிறவருக்கும் வேலையே தெரியாதவர் அனுப்பியதைத் திறப்பதுதான். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதனால் சும்மா கிடந்த ஒரு மடிக்கணினியைச் சோதனைக்கென்றே மாற்றினேன். பல திருத்தங்களுக்குப் பிறகு இப்போது ஒழுங்காக ஓடுகிறது. மேக்ரோ (ஆவணத்துக்குள் பதித்த சிறு நிரல்) எதுவும் இல்லாத, ஆன்டிவைரஸ் ஒன்றும் சொல்லாத ஒரு வேர்டு கோப்பைப் போன வாரம் அது பிடித்துக் கொடுத்தது. எப்படி அமைத்தேன், எந்த வழி சரிப்பட்டு வரவில்லை என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கணினி 8 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி. டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டேன். அதில் எந்த மின்னஞ்சல் கணக்கும் இல்லை, சேமித்த கடவுச்சொல் இல்லை, அலுவலக நெட்வொர்க்கோடு தொடர்பு இல்லை. மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போது மட்டும் வைஃபை போடுவேன். அந்த நேரத்தில் சந்தேகக் கோப்பு எதுவும் டிஸ்க்கில் இருக்காது. லினக்ஸ் என்பதாலேயே ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. ஆனால் ஆவணங்களில் ஒளிந்து வரும் தீநிரல்களில் பெரும்பாலானவை விண்டோஸையும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸையும் நம்பி எழுதப்பட்டவை. இரண்டும் இங்கே இல்லை. செலவு என்று சொல்ல இந்தக் கணினியும் ஒரு பென் டிரைவும்தான். கீழே சொல்லும் மென்பொருள்கள் எல்லாம் இலவசம்.

முதல் சிக்கல், கோப்பை அங்கே கொண்டுபோவது. வழக்கமான கணினியில் பதிவிறக்கி பென் டிரைவில் போட்டால் ஆயிற்று என்றுதான் தொடங்கினேன். இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் பிரிவியூ பலகை. அது திறந்திருந்தால் கோப்பை ஒரு முறை தொட்டுத் தேர்ந்தெடுத்தாலே உள்ளே இருப்பதைக் காட்ட முயலும். 2022 மே மாதம் வெளியே தெரிந்த ஃபொலினா என்ற விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டையில், ஆர்டிஎஃப் (வேர்டு திறக்கும் பழைய ஆவண வடிவம்) கோப்பாக இருந்தால் திறக்கவே வேண்டாம், பிரிவியூ போதும். பதிவிறக்கும் கணினியில் அந்தப் பலகையை முதல் வேலையாக அணைத்தேன். இரண்டாவது, பென் டிரைவில் போட்ட கோப்பை ஆன்டிவைரஸ் நடுவழியில் அழித்துவிடும், சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. இதற்குத் துறைக்காரர்கள் வெகுகாலமாகப் பின்பற்றும் வழக்கம் ஒன்று உண்டு: கோப்பைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பாக்கி, 'இன்ஃபெக்டட்' என்பதையே கடவுச்சொல்லாக வைப்பார்கள். ரகசியத்துக்காக அல்ல, யாரும் கைதவறி இருமுறை கிளிக் செய்துவிடக் கூடாது, ஸ்கேனரும் உள்ளே கைவைக்கக் கூடாது, அவ்வளவுதான். விண்டோஸோடு வரும் ஜிப் வசதியில் கடவுச்சொல் போட முடியாது, 7-ஜிப் மாதிரி ஒன்று வேண்டும்.

சோதனைக் கணினிக்கு வந்ததும் முதலில் பார்ப்பது கோப்பின் பெயர் உண்மையா என்று. விண்டோஸ் தெரிந்த நீட்டிப்புகளை மறைத்துவிடும் என்பதால் 'பில்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ' என்ற கோப்பு 'பில்.பிடிஎஃப்' என்று நிற்கும். யுனிகோடில் எழுத்தை வலமிருந்து இடமாகத் திருப்பும் குறியீடு ஒன்று (யு+202இ) இருக்கிறது. அதைப் பெயருக்கு நடுவில் செருகி நீட்டிப்பையே இடம் மாற்றிக் காட்டுவார்கள். லினக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளை பெயரைச் சட்டை செய்யாது. கோப்பின் தொடக்க பைட்டுகளைப் படித்து என்ன வகை என்று சொல்லும். பழைய வேர்டு, எக்ஸெல் வடிவம் டி0 சிஎஃப் 11 இ0 என்று தொடங்கும். புதிய டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் இரண்டும் உள்ளபடி ஜிப் கோப்புகள். 'பிகே' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர் எழுத்துகள் அவை. பெயரில் 'டாக்' என்று இருந்து உள்ளே ஆர்டிஎஃப் என்று வந்தால் அங்கேயே நின்று யோசிப்பேன். வேர்டு நீட்டிப்பைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்துத் திறந்துவிடும் என்பது அனுப்புகிறவருக்கும் தெரியும்.

அடுத்தது ஸ்கேனர். கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸை நிறுவினேன். வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது: 68 பைட் நீளமுள்ள, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரி, எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்று காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. காட்டியது. ஆனால் பழைய மாதிரிகளில் நன்றாக வேலை செய்த ஸ்கேனர், அன்றைக்குக் காலையில் வந்த கோப்புகளில் பெரும்பாலும் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்கனவே தெரிந்த அடையாளங்களோடு ஒப்பிடும் கருவி அது. புதிதாகத் திரித்து அனுப்பியதற்கு அடையாளம் இன்னும் எழுதப்பட்டிருக்காது. பிடித்தால் வேலை மிச்சம், பிடிக்காவிட்டால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை என்ற அளவில் வைத்துக்கொண்டேன்.

வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாமே என்று பலரும் சொல்வார்கள். பல நிறுவனங்களின் ஸ்கேனர்கள் ஒரே இடத்தில் ஓடும் தளம். 2004-இல் தொடங்கியது, 2012-இல் கூகுள் வாங்கியது. நல்ல சேவை. ஆனால் அங்கே ஏற்றிய கோப்பைக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொள்ள முடியும். விண்ணப்பக் கடிதத்தில் ஒருவருடைய முகவரி, பிறந்த தேதி, கைபேசி எண் எல்லாம் இருக்கும். கோப்பு நல்லதாக இருந்துவிட்டால் அந்த மனிதரின் விவரத்தைப் பொதுவில் வைத்தவர்கள் நாம்தான். அதனால் கோப்பை ஏற்றுவதில்லை, அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற குறியீடு) மட்டும் தேடுகிறோம். 64 எழுத்து நீளம். ஜிப்பாக்கும் முன்பே விண்டோஸோடு வரும் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியில் எடுத்துவிடலாம். ஏற்கனவே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு வரும். 'கிடைக்கவில்லை' என்று வந்தால் இதே கோப்பை இதுவரை யாரும் ஏற்றவில்லை என்பது மட்டுமே பொருள். ஆயிரம் பேருக்குப் போயிருக்க வேண்டிய சுற்றறிக்கை என்று சொல்லிக்கொண்டு வந்த கோப்பு அங்கே இல்லையென்றால், அது ஒரு தகவல்தான்.

இதற்குப் பிறகு அணுகுமுறையையே மாற்றினேன். இது நல்லதா கெட்டதா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரு கடிதத்துக்கோ பில்லுக்கோ தேவையே இல்லாத எது இதற்குள் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அதற்குக் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை, பிரித்துப் பார்த்தால் போதும்.

பிரிப்பதற்கு முக்கியமான கருவி ஃபிலிப் லகடெக் எழுதிய ஓலேடூல்ஸ் தொகுப்பு. பைத்தான் இருந்தால் பிப் மூலம் ஒரே வரியில் நிறுவலாம். அதில் ஓலேவிபிஏ என்ற கட்டளை ஆவணத்துக்குள் இருக்கும் மேக்ரோ நிரலை வெளியே எடுத்து அப்படியே காட்டும். கீழே ஓர் அட்டவணையில் எது தானாக ஓடும், எது சந்தேகத்துக்குரியது, என்னென்ன முகவரிகள் உள்ளே இருக்கின்றன என்று பட்டியல் போடும். 'ஆட்டோஓபன்', 'டாக்குமென்ட்_ஓபன்' என்ற பெயர்கள் வந்தால் கோப்பு திறந்ததும் நிரல் தானாகவே ஓடும் என்று பொருள். 'ஷெல்', 'கிரியேட்ஆப்ஜெக்ட்' வந்தால் அது ஆவணத்தை விட்டு வெளியே போய் வேறொன்றை இயக்குகிறது. பில் என்ற பெயரில் வந்த ஒரு வேர்டு கோப்பில் இரண்டும் இருந்தன. நிரலைப் படித்துக்கொண்டே போனால், நடுவில் ஒரு வரி முழுக்க எண்கள்: 112, 111, 119, 101, 114 என்று ஒவ்வொன்றாக எழுத்தாக்கி ஒட்டியிருந்தார்கள். எழுத்தாக மாற்றிப் பார்த்தால் 'பவர்'. அடுத்த துண்டு 115, 104, 101, 108, 108, அதாவது 'ஷெல்'. ஸ்கேனர் 'பவர்ஷெல்' என்ற சொல்லைத் தேடும் என்று தெரிந்தே அதை உடைத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு பில்லுக்கு எதற்கு பவர்ஷெல்? அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை, கோப்பு குப்பைக்குப் போனது.

மேக்ரோ இருந்தாலே கெட்டது என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பிரிவு நின்றுவிடும். எக்ஸெலில் நியாயமான மேக்ரோக்கள் நிறைய உண்டு. இந்த இடத்தில் அதே தொகுப்பில் உள்ள எம்ராப்டர் உதவியது. தானாக ஓடுவது, டிஸ்க்கில் எழுதுவது, வேறொன்றை இயக்குவது என்று மூன்று குணங்களைப் பார்க்கும். தானாக ஓடுவதோடு மற்ற இரண்டில் ஒன்றாவது சேர்ந்தால்தான் சந்தேகம் என்று சொல்லும். பொத்தானை அழுத்தினால் கூட்டிக் காட்டும் மேக்ரோக்கள் இதில் சிக்காது.

கடவுச்சொல் போட்ட ஆவணங்கள் தனி ரகம். மின்னஞ்சலிலேயே கடவுச்சொல்லை எழுதி அனுப்புவார்கள். நடுவில் இருக்கும் ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாமல் போக வேண்டும் என்பதே நோக்கம். ஓலேவிபிஏவிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது பிரித்துக்கொள்ளும். எக்ஸெலில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது: 'வெல்வெட்ஸ்வெட்ஷாப்' என்பது எக்ஸெலுக்குள்ளேயே பதிந்த ஒரு கடவுச்சொல். அதைக் கொண்டு பூட்டிய கோப்பு, திறப்பவரிடம் எதுவும் கேட்காமலே திறந்துகொள்ளும், ஆனால் டிஸ்க்கில் பூட்டியபடி இருக்கும். கேட்காமல் திறக்கும் பூட்டு நேர்மையான கணக்குத் தாளுக்குத் தேவையே இல்லை. இப்படி ஒரு கோப்பு வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே என் முடிவு பாதி எடுக்கப்பட்டுவிடும்.

இப்போது போன வாரம் வந்த கோப்பு. வேலை விண்ணப்பம், டாக்எக்ஸ். கிளாம்ஏவி ஒன்றும் சொல்லவில்லை. ஹாஷ் எங்கும் இல்லை. ஓலேவிபிஏ மேக்ரோ இல்லை என்றது. அதோடு நிறுத்தியிருந்தால் அனுமதித்திருக்க வேண்டியதுதான். ஆனால் டாக்எக்ஸ் என்பது ஜிப்தானே, அன்ஸிப் கட்டளையால் பிரித்தேன். உள்ளே 'வேர்டு' என்ற ஃபோல்டர், அதற்குள் 'ரெல்ஸ்' என்ற ஃபோல்டர். இந்த ஆவணம் வேறு எந்தெந்தப் பொருளோடு தொடர்புள்ளது என்ற குறிப்புகள் அங்கே சின்னச் சின்ன எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கும். அவற்றில் செட்டிங்ஸ் சார்ந்த கோப்பில் ஒரே ஒரு வரி: வகை 'அட்டாச்டு டெம்ப்ளேட்', இலக்கு ஓர் இணைய முகவரி, முறை 'எக்ஸ்டர்னல்'. வேர்டு இந்தக் கோப்பைத் திறந்ததும் தன் வார்ப்புருவை அந்த முகவரியிலிருந்து எடுத்து வரப் போகும். மேக்ரோ அந்த வார்ப்புருவில் இருக்கலாம். அனுப்பிய கோப்பு சுத்தம், அது கூப்பிட்டு வருவதுதான் விஷம். இதனால்தான் ஸ்கேனர்களுக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஃபொலினாவும் இதே ரெல்ஸ் வழியாகத்தான் வந்தது; அதில் வார்ப்புருவுக்குப் பதில் வெளியே இருக்கும் ஓர் ஓஎல்இ பொருள் (ஆவணத்துக்குள் இணைக்கும் வேறொரு மென்பொருளின் பகுதி).

உடனே எல்லா டாக்எக்ஸிலும் 'எக்ஸ்டர்னல்' என்ற சொல்லைத் தேடும் ஒரு வரிக் கட்டளை எழுதினேன். அது உதவவில்லை, பாதி ஆவணங்கள் மாட்டின. ஆவணத்தில் வரும் ஒவ்வொரு சாதாரண இணைப்பும், விண்ணப்பதாரர் தன் வலைப்பக்கத்துக்குக் கொடுத்த சுட்டி உட்பட, இதே சொல்லோடுதான் பதிவாகும். ஹைப்பர்லிங்க் வகையைக் கழித்த பிறகும் நல்ல கோப்புகள் சில வந்தன. எழுதியவர் தன் கணினியில் வைத்திருந்த வார்ப்புருவின் பாதை அவற்றில் பதிந்திருந்தது. 'ஃபைல்' என்று தொடங்கி சி டிரைவைக் காட்டும் பாதை அது, பெரும்பாலும் கெடுதல் இல்லை. எச்டிடிபியில் தொடங்கும் வார்ப்புரு வேண்டவே வேண்டாம். வேறொரு சர்வரின் பெயரை இரண்டு பின்சாய்கோடுகளோடு காட்டினால் அதுவும் கூடாது. கோப்பைத் தேடிப் போகும் சாக்கில் விண்டோஸ் தன் லாகின் ஹாஷை அந்த சர்வருக்குக் கொடுத்துவிடக்கூடும். வெளியே இருக்கும் படம் என்றால் பெரும்பாலும் யார் திறந்தார்கள் என்று உளவு பார்ப்பதற்கு. இப்படி வகை பிரித்து எழுதிய பிறகுதான் ஓலேடூல்ஸிலேயே ஓலேஆப்ஜ் என்ற கட்டளை இந்த வெளித்தொடர்புகளைத் தேடிச் சொல்லும் என்று கண்டேன். இப்போது அதுவே முதலில் ஓடுகிறது. ஆனாலும் ரெல்ஸ் கோப்புகளைக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுகிறேன். பத்து வரிக்கு மேல் அரிதாகவே இருக்கும்.

ஆர்டிஎஃப் கோப்பில் மேக்ரோவே இருக்க முடியாது, அதனால் பலர் அதைப் பத்திரம் என்று நினைக்கிறார்கள். ஆனால் பொருள்களை உள்ளே பதிக்கலாம். 2017 நவம்பரில் திருத்தம் வந்த ஈக்குவேஷன் எடிட்டர் (ஆபீஸில் கணிதச் சமன்பாடு எழுதும் கருவி) ஓட்டை இந்த வழியாகத்தான் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டது. ஆர்டிஎஃப்ஆப்ஜ் கட்டளை பதித்த பொருள்களைப் பெயரோடு காட்டும். விண்ணப்பத்துக்குள் ஈக்குவேஷன் பொருள் வந்தால், விண்ணப்பித்தவர் கணித ஆசிரியராக இருந்தாலும் நான் திறக்க மாட்டேன். பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்வேன்.

பிடிஎஃப்புக்கு டிடியே ஸ்டீவன்ஸ் எழுதிய பிடிஎஃப்ஐடி, பிடிஎஃப்-பார்சர் இரண்டும். முதலாவது ஜாவாஸ்கிரிப்ட், ஓபன்ஆக்ஷன், லான்ச், எம்பெடட்ஃபைல் போன்ற சொற்கள் எத்தனை இடத்தில் வருகின்றன என்று எண்ணிச் சொல்லும். பெயரில் ஓர் எழுத்தை #61 என்று எண்ணாக எழுதி ஒளித்தாலும் கண்டுபிடித்து, ஒளித்தது இத்தனை என்று அடைப்புக்குறிக்குள் தனியாகக் காட்டும். ஓபன்ஆக்ஷன் மட்டும் தனியாக இருந்தால் பதற வேண்டாம், முதல் பக்கத்தைத் திரைக்குப் பொருத்திக் காட்டு என்பதற்கும் அதே சொல்தான். அது ஜாவாஸ்கிரிப்டோடோ லான்ச்சோடோ சேர்ந்து வந்தால் பிடிஎஃப்-பார்சரால் அந்தப் பொருளைத் தனியே எடுத்துப் படிக்கிறேன். 'ஆப்ஜ்எஸ்டிஎம்' என்ற எண்ணிக்கை இருந்தால் மற்ற எண்ணிக்கைகளை நம்பக் கூடாது. பொருள்கள் சுருக்கப்பட்ட மூட்டைக்குள் இருக்கின்றன, அதையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும் தெரிவு பார்சரில் உண்டு.

எனக்கு வரும் மோசமான பிடிஎஃப்களில் பெரும்பாலானவற்றில் இவை எதுவும் இல்லை. மங்கலான ஒரு பக்கப் படம், அதன் மேல் 'ஆவணத்தைப் பார்க்க இங்கே அழுத்தவும்' என்ற பொத்தான், அதற்குள் ஒரு சுட்டி. யுஆர்ஐ என்ற சொல்லைத் தேடி அந்த முகவரியை வெளியே எடுத்துப் படித்தால் போதும். சுட்டிக்குப் பதில் க்யூஆர் குறியீடு இருந்தால் இந்தக் கருவிகள் உதவாது, பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆக, எல்லாச் சோதனையும் முடிந்தாலும் கடைசியில் யாராவது படிக்க வேண்டும். இங்கேதான் அதிக நேரம் போனது. சோதனைக் கணினிக்குள் 4 ஜிபி ராம் ஒதுக்கி, நெட்வொர்க் அட்டையே இல்லாமல் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அமைத்து, சுத்தமான நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் சேமிப்பு) எடுத்தேன். கோப்பை அதற்குள் லிப்ரே ஆபீஸ் மூலம் திரை இல்லாமலே பிடிஎஃப் ஆக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி, படங்களை மறுபடி ஒரே பிடிஎஃப்பாகச் சேர்ப்பது திட்டம். வெளியே வருவது வெறும் படம், அதில் ஓடக்கூடியது எதுவும் மிஞ்சாது. முடிந்ததும் மெஷினை ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பிவிடுவேன்.

படத்தின் நுணுக்கத்தை முதலில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) வைத்தேன். பக்கங்கள் அழகாக வந்தன, ஆனால் நீண்ட அறிக்கைகள் மின்னஞ்சலில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெருத்தன. 150 டிபிஐ திரையில் படிக்கத் தாராளம். கையெழுத்து, முத்திரை பார்க்க வேண்டியவற்றுக்கு மட்டும் 300. தமிழ்க் கோப்புகள் முதல் சுற்றில் கட்டம் கட்டமாக வந்தன. நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவியதும் யுனிகோடில் எழுதியவை சரியாகின. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளுக்கு அதே எழுத்துரு உள்ளே இருந்தால்தான் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியல்தான். எங்களுக்கு அப்படியும் வருவதால் அந்த எழுத்துருக்களையும் போட்டுவிட்டுப் புது ஸ்னாப்ஷாட் எடுத்தேன். படமாக்கிய பிறகு சொல் தேட முடியாது என்ற குறை இருக்கிறது. டெஸராக்ட் மென்பொருளில் தமிழ் உண்டு. அச்செழுத்தைத் தேடும் அளவுக்குப் படித்துத் தருகிறது, நகலெடுத்து ஒட்டும் அளவுக்கு நம்ப முடியாது.

எக்ஸெலுக்கு இந்த வழி உதவவில்லை. அகலமான தாள் பல பக்கங்களாக உடைந்து, எந்த எண் எந்த வரிசை என்றே தெரியாமல் போகிறது. அவற்றை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆக்கிக் கொடுக்கிறேன். லிப்ரே ஆபீஸ் சாதாரணமாக முதல் தாளை மட்டுமே சிஎஸ்வி ஆக்கும் என்பதால் மற்றத் தாள்களை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். சிஎஸ்வியிலும் சமக்குறியில் தொடங்கும் கட்டம் எக்ஸெலில் திறந்தால் சூத்திரமாக உயிர் பெறும். அப்படி ஏதும் இருக்கிறதா என்று தேடிவிட்டே அனுப்புகிறேன்.

இதையெல்லாம் கையால் கட்டிய பிறகுதான் டேஞ்சர்ஸோன் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். நெட்வொர்க் இல்லாத கன்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த இடம்) ஆவணத்தைப் பிக்சல்களாக்கி மறுபடி பிடிஎஃப் ஆக்கும் அதே வேலையை அது ஒரு பொத்தானில் செய்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பாமினிக் கோப்புகளுக்காக நான் என் மெஷினையும் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை அமைத்தால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவேன், ஸ்னாப்ஷாட் திரும்பும்வரை காத்திருப்பதே வேலையில் மெதுவான பகுதி. எல்லாக் கட்டளைகளையும் முதலிலிருந்தே ஒரே ஸ்கிரிப்டில் கோத்து, ஹாஷ், தேதி, முடிவு மூன்றையும் தானாகப் பதிவு செய்ய வைப்பேன். கோப்பு சந்தேகமாகவும் அனுப்பியவர் தெரிந்தவராகவும் இருந்தால் இப்போது போலவே ஃபோன் செய்து கேட்பேன், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, நம்மிடம் ஏற்கனவே இருக்கும் எண்ணுக்கு. ஒன்நோட், எச்டிஎம்எல், ஐஎஸ்ஓ வடிவத்தில் விண்ணப்பமோ பில்லோ வந்தால் இந்தக் கணினிக்கே கொண்டுவருவதில்லை. பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லிப் பதில் போய்விடுகிறது. உண்மையான ஆட்கள் மறுபடி அனுப்பிவிடுகிறார்கள்.